கூரையில் கண்ணாடி லான்டர்ன் வைக்கப் போகிறீர்களா? ஜாய்ஸ்ட் மரத்தை வெட்டும் முன் ஒரு வார்த்தை

லண்டனின் வடமேற்கில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் தெருவையும் விட்டுவிட்டுச் சாரத்தைத் தருகிறேன்.

1930களில் கட்டிய, ஒரு பக்கம் மட்டும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய செமி-டிடாச்டு வீடு. 2017இல் வாங்கியிருக்கிறார்கள். பின்பக்கம் 3 மீட்டர் நீளத்துக்குத் தட்டைக் கூரையோடு ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. முன்பு இருந்தவர் 2009இல் கட்டியது, இப்போது அதுதான் சமையலறை. அதனால் பழைய சாப்பாட்டு அறை நடுவில் மாட்டிக்கொண்டு, பகல் பன்னிரண்டு மணிக்கும் லைட் போட வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் மாமியார் பகல் முழுக்க அந்த அறையில்தான் இருக்கிறார். நாற்சார் வீட்டில் வளர்ந்தவர். "வெளிச்சம் இறங்க ஒரு முற்றம் இல்லாத வீடு" என்று அடிக்கடி சொல்கிறாராம்.

அதனால் எக்ஸ்டென்ஷன் கூரையில் 2 மீட்டருக்கு 1 மீட்டர் அளவில், 40 செ.மீ. உயரத்தில் ஒரு அலுமினிய லான்டர்ன், அதாவது கூரைமேல் எழும்பி நிற்கும் கண்ணாடிக் கூடு, வைக்க முடிவு செய்திருக்கிறார்கள். கணவரின் நண்பரான பில்டர், "இது பெர்மிட்டட் டெவலப்மென்ட், யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம், ஜன்னல் மாற்றுபவர்கள் தரும் ஃபென்சா சர்டிபிகேட் கிடைக்கும், அது போதும்" என்கிறார். பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறார். ஒட்டியிருக்கும் வீட்டு அம்மையார், "ராத்திரி வெளிச்சம் என் படுக்கையறையில் அடிக்கும், நான் சம்மதிக்க மாட்டேன்" என்கிறார். உறவினர் ஒருவர், "நான்கு வருடம் கவுன்சில் கண்ணில் படாமல் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று தைரியம் சொல்லியிருக்கிறார். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: வீடு வாங்கும்போது அந்த எக்ஸ்டென்ஷனுக்கு பில்டிங் கண்ட்ரோல் சர்டிபிகேட் இல்லை என்று சொலிசிட்டர் ஒரு இண்டெம்னிட்டி இன்சூரன்ஸ் எடுத்துத் தந்தாராம்.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். அதற்கு வருகிறேன். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். இங்கிலாந்தில் பிளானிங் வேறு, பில்டிங் ரெகுலேஷன்ஸ் வேறு. வீடு வெளியிலிருந்து எப்படித் தெரிகிறது, அக்கம்பக்கத்தாருக்கு என்ன பாதிப்பு என்று பார்ப்பது பிளானிங். கூரை தாங்குமா, தண்ணீர் இறங்குமா, தீ பரவுமா, சூடு வெளியேறுமா என்று பார்ப்பது பில்டிங் ரெகுலேஷன்ஸ், அந்த விதிப்படி வேலையைச் சரிபார்ப்பவர்கள் பில்டிங் கண்ட்ரோல். ஒன்றில் விலக்கு இருந்தால் மற்றதிலும் விலக்கு என்று அர்த்தமில்லை. உங்கள் பில்டர் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. இந்தத் தொழிலில் பலரும் இப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் பிளானிங் பற்றி அவர் சொன்னது உங்கள் கூரைக்குப் பொருந்தாது, பில்டிங் கண்ட்ரோல் பற்றிச் சொன்னது முழுத் தவறு.

பெர்மிட்டட் டெவலப்மென்ட்: அந்த 150 மில்லிமீட்டர்

வீட்டுக்காரர்கள் விண்ணப்பிக்காமலே செய்துகொள்ளக்கூடிய வேலைகளை 2015ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறது. புதிதாகப் பின்பக்கம் எக்ஸ்டென்ஷன் கட்டுவது கிளாஸ் ஏ. அதில் மொத்த உயரம் 4 மீட்டர் வரை போகலாம், எல்லைக்கு 2 மீட்டருக்குள் இருந்தால் கூரை விளிம்பு 3 மீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த அளவுக்குள் புது எக்ஸ்டென்ஷனோடு சேர்த்தே லான்டர்ன் வைப்பவர்களுக்குப் பொதுவாகப் பிரச்சினை வருவதில்லை. உங்கள் பில்டர் பார்த்த வேலைகள் பெரும்பாலும் இந்த வகையாக இருந்திருக்கும்.

உங்கள் கதை வேறு. எக்ஸ்டென்ஷன் ஏற்கெனவே நிற்கிறது, அதன் கூரையை மட்டும் மாற்றுகிறீர்கள். கூரையில் செய்யும் மாற்றத்தைக் கிளாஸ் ஏ தன் விதியிலேயே வெளியே தள்ளிவிடுகிறது. அப்புறம் மிஞ்சுவது கூரை மாற்றங்களுக்கான கிளாஸ் சி. அதில் மாற்றம் கூரைத் தளத்திலிருந்து 0.15 மீட்டருக்கு மேல், அதாவது 150 மி.மீ.க்கு மேல், துருத்தக் கூடாது. இப்போது கூரைமேல் ஏறிப் பார்ப்போம். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க, லான்டர்ன் உட்காரும் மரக்கட்டு, அப்ஸ்டாண்ட் என்பார்கள், முடிந்த கூரை மட்டத்துக்கு மேல் குறைந்தது 150 மி.மீ. எழும்ப வேண்டும் என்பது நல்ல வேலைக்காரர்களின் கணக்கு. சட்டம் விட்டுக்கொடுக்கும் முழு உயரத்தையும் கண்ணாடி வருவதற்கு முன்பே அந்தக் கட்டு தின்றுவிடுகிறது. அதன்மேல் உங்கள் 40 செ.மீ. லான்டர்னும் ஏறினால் 55 செ.மீ. ஆகிறது.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. அந்த விதி அளவை 'ஒரிஜினல்' கூரையிலிருந்து எடுக்கச் சொல்கிறது. ஒரிஜினல் என்றால் வீடு முதலில் கட்டப்பட்டபோது இருந்தது, 1948 ஜூலை 1க்கு முந்திய வீடானால் அன்று இருந்தபடி. 2009இல் வந்த எக்ஸ்டென்ஷன் கூரைக்கு இதை எப்படிப் பொருத்துவது என்பதில் எல்லாக் கவுன்சிலும் ஒரே மாதிரி முடிவெடுப்பதில்லை. "வெளித்தோற்றத்தைக் கணிசமாக மாற்றாத வேலை டெவலப்மென்டே இல்லை" என்று 1990ஆம் ஆண்டு டவுன் அண்ட் கன்ட்ரி பிளானிங் சட்டத்தின் 55ஆம் பிரிவைக் காட்டி வாதிடுபவர்களும் உண்டு. சுற்றிச் சுவர் உயர்ந்து, யார் கண்ணுக்கும் படாத கூரைக்கு அது பொருந்தலாம். உங்கள் கூரையோ பக்கத்து மாடி ஜன்னல்களிலிருந்து நன்றாகத் தெரிகிறது, அதை நம்பி இறங்காதீர்கள்.

ஆகவே என் யோசனை இது. லான்டர்ன்தான் வேண்டும் என்றால், வீட்டுக்காரர்களுக்கான பிளானிங் விண்ணப்பமான ஹவுஸ்ஹோல்டர் விண்ணப்பமாகவே போட்டுவிடுங்கள். கட்டணம் 2025 ஏப்ரலில் 258 பவுண்டிலிருந்து 528 பவுண்டாக உயர்ந்தது. ஏப்ரலுக்கு ஏப்ரல் மாறக்கூடியது, போடும் அன்று பாருங்கள். முடிவு சொல்ல 8 வாரம். ஒற்றை மாடிப் பின்கட்டுக்கு மேலே ஒரு சிறிய லான்டர்னை மறுக்க வலுவான காரணம் வேண்டும், உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. தட்டையான கண்ணாடி ரூஃப்லைட் போதும் என்று முடிவு செய்து, அதைக் கட்டோடு சேர்த்து 150 மி.மீ.க்குள் அடக்க முடிந்தால், அதில் பாதிக் கட்டணத்தில் சட்டபூர்வச் சான்றிதழ் கேட்கலாம். லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிபிகேட் என்பது அது. நாளை வீடு விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் கேட்கும் கேள்விக்கு அந்த ஒரு தாள் பதில் சொல்லிவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ப்ளாட்டிலோ மெசனெட்டிலோ இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட வேண்டாம். பெர்மிட்டட் டெவலப்மென்ட் உரிமை முழு வீட்டுக்கு மட்டும்தான். அங்கே பிளானிங்கோடு, கட்டடத்தின் உரிமையாளரான ஃப்ரீஹோல்டரின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும். பாரம்பரியப் பட்டியலில் உள்ள லிஸ்டெட் கட்டடமென்றால், அதன் தன்மையைப் பாதிக்கும் வேலையை முன்அனுமதி இல்லாமல் செய்வதே குற்றம்.

நான்கு வருடக் கதை

உங்கள் உறவினர் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. கட்டி முடித்து நான்கு ஆண்டு ஆனால் கவுன்சில் பிளானிங் நடவடிக்கை எடுக்க முடியாது என்று இருந்தது. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் அது பத்து ஆண்டு. அந்தத் தேதிக்கு முன் முடிந்த வேலைக்கு மட்டும் பழைய நான்கு ஆண்டு செல்லும், ஆகவே உங்கள் 2009 எக்ஸ்டென்ஷன் பிளானிங் அளவில் தப்பித்துவிட்டது. இனி வைக்கும் லான்டர்னுக்குப் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும். வேண்டுமென்றே மறைத்தது தெரிந்தால் அந்தக் கெடுவும் காப்பாற்றாது. பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே கோபத்தில் இருக்கிறார். அவர் மாடியிலிருந்து பார்த்தாலே தெரியும் ஒரு பொருளைப் பத்து ஆண்டு யார் கண்ணிலும் படாமல் வைத்திருப்பது எப்படி?

கூரைக்குள் என்ன இருக்கிறது?

என் மனசு இங்கேதான் நிற்கிறது. பிளானிங் தவறினால் ஒரு விண்ணப்பத்தில் சரிசெய்யலாம். கூரை தவறினால் கீழே நிற்பது உங்கள் குடும்பம்.

தட்டைக் கூரையைத் தாங்குவது வரிசையாகப் போட்ட மரச்சட்டங்கள், ஜாய்ஸ்ட் என்கிறோமே, அவை. வழக்கமாக 40 செ.மீ. இடைவெளியில் இருக்கும். 1 மீட்டர் அகலத் திறப்பு வெட்டினால் குறைந்தது இரண்டு ஜாய்ஸ்ட் அறுபடும். அறுந்தவற்றின் முனைகளைக் குறுக்கே ஒரு சட்டம் தாங்க வேண்டும், அந்தக் குறுக்குச் சட்டத்தை இருபுறமும் இரட்டிப்பாக்கிய முழு நீள ஜாய்ஸ்ட்கள் தாங்க வேண்டும். கண்ணாடி தன் பங்குக்குக் கனக்கும். 1 மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. இரண்டு அடுக்கும் சேர்ந்து 12 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 30 கிலோ. உங்கள் அளவுக்குச் சாய்வையும் சேர்த்தால் சட்டகம் இல்லாமலே 60 கிலோவைத் தாண்டும். அதற்குமேல் பனி விழும். இவை பயப்படும் எண்கள் அல்ல. ஆனால் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய எண்கள்.

ஒரு ஜனவரி மாதம் தெற்கு லண்டனில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். லான்டர்ன் ஒழுகுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். நாற்காலியில் ஏறி, திறப்பின் மூலையில் இருந்த பிளாஸ்டரைக் கையால் தொட்டேன். ஈரம், ஐஸ் மாதிரி ஜில்லென்று. வெளியே மூன்று நாளாக மழையே இல்லை. அப்ஸ்டாண்டுக்குள் இன்சுலேஷன் வைக்காமல் வெறும் பலகையாக விட்டிருந்தார்கள். காலையில் இடியப்பம் அவிக்கும் ஆவி மேலே போய் அந்தக் குளிர்ந்த பலகையில் தண்ணீராக நின்று பழுப்புக் கோடு போட்டிருந்தது. ஒழுகல் என்று நினைத்து அவர்கள் இரண்டு முறை கூரையை ஒட்டியிருக்கிறார்கள். அதே இடத்தில் சீலிங்கில் நேர்கோட்டில் ஒரு வெடிப்பு. அதைத் திறந்து பார்த்தபோது அறுத்த ஜாய்ஸ்ட் நான்கு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. குறுக்குச் சட்டம் ஒற்றை. அந்த வீட்டில் எந்த இன்ஸ்பெக்டரும் கால் வைக்கவில்லை. பில்டர் அவர்களுக்கும் தெரிந்தவர்தான்.

இதற்காகத்தான் பில்டிங் கண்ட்ரோல். கூரையில் புதுத் திறப்பு வெட்டுவது கட்டாயமாக அதற்குள் வரும். ஃபென்சா என்பது பழைய ஜன்னலை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியது வைப்பவர்களுக்கான ஏற்பாடு. ஜாய்ஸ்ட்டை வெட்டி நீங்கள் செய்யும் வேலைக்கு அந்தச் சான்றிதழ் பதிலாகாது. கவுன்சிலின் பில்டிங் கண்ட்ரோலிடமோ, பதிவுபெற்ற தனியார் அப்ரூவரிடமோ போகலாம். வரைபட ஒப்புதல் இல்லாமல் தொடங்கும் பில்டிங் நோட்டீஸ் என்ற குறுக்குவழி உண்டு என்றாலும், உங்கள் விஷயத்தில் வரைபடங்களை முன்கூட்டியே ஒப்புதல் வாங்கும் ஃபுல் பிளான்ஸ் முறையைச் சொல்வேன். கூரையைப் பிளந்துவிட்டு "இது போதாது" என்று கேட்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கண்ணாடி வாங்கும்போது கேட்க வேண்டியவை சில. ரூஃப்லைட்டின் யு-வேல்யூ, அதாவது சூடு எவ்வளவு வெளியேறுகிறது என்ற அளவு, 2.2க்கு மேல் போகக் கூடாது, அதுவும் கிடைமட்டமாக வைத்து அளந்த எண். செங்குத்தாக அளந்த அழகான எண்ணை விளம்பரத்தில் போட்டிருப்பார்கள், எது என்று எழுதி வாங்குங்கள். உட்பக்கக் கண்ணாடி லேமினேட்டட் ஆக இருக்கட்டும். உடைந்தாலும் தலையில் கொட்டாமல் படலத்தில் ஒட்டி நிற்கும். எல்லைக்கு அருகில் என்பதால் பிளாஸ்டிக் ரூஃப்லைட்டுகளுக்குத் தீ விதியில் கெடுபிடி உண்டு. 4 மி.மீ.க்குக் குறையாத கண்ணாடிக்கு அந்தத் தொல்லை இல்லை. கூரைமேல் ஒட்டிய பழைய ஃபெல்ட் விரிப்பை முழுக்க உரித்துப் புதிதாகப் போடப் பில்டர் சொன்னால், கூரையில் பாதிக்கு மேல் தொட்டதாகிவிடும். அப்போது கூரை இன்சுலேஷனையும் இன்றைய அளவுக்கு, யு-வேல்யூ 0.16க்கு, உயர்த்த வேண்டியிருக்கலாம். அதை இப்போதே விலையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: லான்டர்னைக் கூரையின் நடுவில் வைப்பதுதான் வழக்கம். உங்களுக்கு வெளிச்சம் வேண்டியது நடு அறையில். ஆகவே வீட்டுச் சுவர்ப் பக்கமாக எவ்வளவு நெருக்க முடியுமோ அவ்வளவு நெருக்கி வரையச் சொல்லுங்கள்.

இண்டெம்னிட்டி இன்சூரன்ஸ்

இப்போது அந்தக் கடைசி வரி. நீங்கள் அதை எக்ஸ்டென்ஷனுக்கான உத்தரவாதம் என்று நினைத்திருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. அப்படியில்லை. சான்றிதழ் இல்லாத காரணத்தால் கவுன்சில் நடவடிக்கை எடுத்து உங்களுக்குப் பண நஷ்டம் வந்தால் அதை ஈடுகட்டுவதுதான் அந்தப் பாலிசி. ஜாய்ஸ்ட் சரியான அளவில் இருக்கிறதா என்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை. 2009இலிருந்து யாருமே அந்தக் கூரையைப் பரிசோதித்ததற்கான ஆதாரம் உங்களிடம் கிடையாது.

கூடவே ஒரு கண்ணி. இப்படிப்பட்ட பாலிசிகளில், அந்தக் குறையைப் பற்றிக் கவுன்சிலிடம் நீங்களாகப் பேசினால் காப்பீடு செல்லாது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். "சும்மா ஒரு சந்தேகம் கேட்கிறேன்" என்று ஒரு போன் போட்டாலே போய்விடலாம். தனியார் அப்ரூவர் வழியாகப் போனாலும் அறிவிப்பு கவுன்சிலுக்குத்தான் போகும். அதனால் இன்றைக்கு எந்த அலுவலகத்தையும் கூப்பிடாதீர்கள். வீடு வாங்கித் தந்த சொலிசிட்டரிடம் பாலிசியின் முழு நகலைக் கேட்டு வாங்குங்கள். அது வரும்வரை ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரை அழைத்து, சீலிங்கில் இரண்டு இடத்தில் சிறு திறப்பு போட்டு, மரச்சட்டத்தின் அளவு, இடைவெளி, திசை, இன்சுலேஷன் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் உங்கள் ஆள், கவுன்சிலின் ஆள் அல்ல.

அவர் அறிக்கை திருப்தியாக இருந்தால், அல்லது சரிசெய்யக்கூடியதாக இருந்தால், பழைய எக்ஸ்டென்ஷனுக்கு, முடிந்த வேலையைப் பின்னால் ஒழுங்குபடுத்தும் ரெகுலரைசேஷன் சர்டிபிகேட் கேட்டு, லான்டர்னையும் அதோடு முறையாகச் செய்துவிடுங்கள் என்பதே என் கருத்து. 1985 நவம்பர் 11க்குப் பிறகு நடந்த வேலைகளுக்குக் கவுன்சில் அதைத் தரலாம். பாலிசியை இழப்பீர்கள், உண்மைதான். ஆனால் நீங்கள் வெட்டப் போகிற அதே கூரையைப் பற்றிய பாலிசி அது. நிலைமை மோசமாக இருந்தால் லான்டர்னை ஒத்திவைத்துவிட்டு முதலில் கூரையைக் கவனியுங்கள். அந்தச் செலவு எப்படியும் ஒருநாள் வரத்தான் போகிறது.

பக்கத்து வீட்டு அம்மையார்

அவருடைய சம்மதம் இல்லாமல் வேலை நடக்காது என்று பயப்படுகிறீர்கள். பிளானிங் விண்ணப்பத்தில் கவுன்சில் அவருக்குத் தெரிவிக்கும், அவர் கருத்துச் சொல்லலாம், தடுத்து நிறுத்தும் அதிகாரம் அவரிடம் இல்லை. எஞ்சினியர் போடும் பீம் இரு வீட்டுக்கும் பொதுவான சுவருக்குள் போனால் மட்டும் 1996ஆம் ஆண்டு பார்ட்டி வால் சட்டப்படி இரண்டு மாதம் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். 14 நாளில் அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால் தகராறாகக் கருதி சர்வேயர்கள் முடிவு செய்வார்கள். அதுவும் வேலையைத் தடுப்பதற்கல்ல, எப்படிச் செய்வது என்று வரையறுப்பதற்கு. மரச்சட்டங்கள் எல்லாம் கூரைக்குள்ளேயே முடிந்தால் பொதுவாக இது எழாது.

எட்டிப் பார்ப்பீர்கள் என்று அவர் பயந்தால் அது தேவையற்றது, நீங்கள் கீழிருந்து வானத்தைத்தான் பார்ப்பீர்கள். வெளிச்சம் பற்றிய புகார் அப்படியல்ல. இரவு ஏழு மணிக்குச் சமையலறை லைட் போட்டால் அந்தக் கண்ணாடிப் பெட்டி முழுக்க எரியும், அவர் படுக்கையறை நேர் மேலே பக்கத்தில். செயற்கை வெளிச்சம் தொல்லையாகும் அளவுக்குப் போனால் 1990ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் புகார் செய்யவும் இடமுண்டு. திறப்பின் உள்விளிம்பில் லைட் பட்டை ஒட்டும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது, உங்கள் வீட்டில் அது வேண்டாம். லான்டர்னுக்கான பிளைண்டை முதல் ஆர்டரிலேயே சேர்த்துவிடுங்கள். விண்ணப்பம் போடும் முன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். முடிந்தால் அவருடைய படுக்கையறை ஜன்னலில் நின்று நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

பில்டரிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நட்பு கெடாமல் சொல்லலாம்: "அண்ணா, எஞ்சினியர் வரைபடமும் கவுன்சில் தாளும் கைக்கு வந்ததும் தொடங்குவோம். சீலிங்கை மூடும் முன் இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டும், கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வந்ததும் கடைசித் தவணை." அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள். லான்டர்னையும் ஆர்டர் செய்ய வேண்டாம். அளவுக்குச் செய்து வரும் கண்ணாடியைத் திருப்பி எடுத்துக்கொள்வது அரிது, ஜாய்ஸ்ட் எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரிந்தபின் உங்கள் 2க்கு 1 என்ற அளவே மாறக்கூடும்.